பின் சக்கரமும் திரும்பினால்: நான்கு சக்கரத் திருப்பம் உள்ள பிக்கப்பை மாற்றியமைக்கும் முன்

கடந்த மழைக்காலத்தில் என் சித்தப்பா மகன் தளியிலிருந்து பெங்களூருக்கு வந்திருந்தான். ரோஜாத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயும் உர மூட்டையும் ஏற்றிப்போக ஒரு பிக்கப் வாங்க வேண்டும், அதே வண்டியில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மண் பாதைகளிலும் ஏற வேண்டும் என்பது அவன் எண்ணம். ஜே.சி. ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடையில் நின்றிருந்தபோது கேட்டான்: "அண்ணா, நான்கு சக்கரமும் திரும்புகிற பிக்கப் அமெரிக்காவில் இருக்கிறதாமே? அது சேற்றில் சிக்கவே சிக்காதாம், உண்மையா?" பக்கத்தில் நின்ற இருவர், "அதுதானே ஃபோர் பை ஃபோர்" என்று தலையாட்டினார்கள்.

அவர்கள் சொன்னது வேறு, அவன் கேட்டது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்தக் கடையில் மட்டும் நடப்பதில்லை. வண்டிகளைப் பற்றி ஆசையாகப் பேசும் எவ்வளவோ பேர் இதே இடத்தில் இடறுகிறார்கள். இடறியபடியே வண்டியை உயர்த்தவும் பெரிய டயர் மாட்டவும் போனால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும். அன்று நின்றபடி அவனுக்கு முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இழுப்பது ஒன்று, திருப்புவது வேறு

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை இழுப்பது மாட்டின் தோள். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது வண்டிக்காரரின் கையில் இருக்கும் கயிறு. இன்னொரு ஜோடி மாடு பூட்டினால் இழுவை கூடும், ஆனால் குறுகலான சந்தில் வண்டி அதனால் எளிதாகத் திரும்பிவிடாது.

எஞ்சினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போனால் அது நான்கு சக்கர இயக்கம். கடையில் அவர்கள் சொன்ன ஃபோர் பை ஃபோர் அதுதான். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது இன்னொன்று பிடித்து இழுக்க இது உதவும். நான்கு சக்கரத் திருப்பம் என்பது, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன் சக்கரங்களோடு பின் சக்கரங்களும் ஒரு கோணத்தில் திரும்புவது. இழுவைக்கும் இதற்கும் நேரடியான தொடர்பு இல்லை. நம் ஊரில் கிடைக்கும் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் நான்கு சக்கர இயக்கத்தோடு வருகின்றன, ஆனால் திரும்புவது முன் சக்கரங்கள் மட்டுமே. இரண்டும் ஒரே வண்டியில் அமைந்ததற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 2002 மாடலாக வந்த ஜி.எம்.சி. சியரா டெனாலி என்ற அமெரிக்க பிக்கப். டெல்ஃபை நிறுவனம் உருவாக்கிய 'குவாட்ராஸ்டியர்' என்ற பின்திருப்ப அமைப்பு அதில் இருந்தது. 2005 மாடலோடு அது நின்றுபோனது.

ஆக, சேற்றில் சிக்காமல் இருக்க உதவுவது இயக்கம். குறுகிய இடத்தில் வளைய உதவுவது திருப்பம். இனி இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

தேர் மூலையில் திணறுவது ஏன்

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நேர் வீதியில் தேர் கம்பீரமாக வரும். மூலைக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடும். முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தடியில் கட்டையைச் செருகி, வடம் பிடிப்பவர்கள் பக்கவாட்டில் இழுத்து, அங்குலம் அங்குலமாகத் தேரின் முகத்தைத் திருப்புவார்கள். காரணம், தேரின் எந்தச் சக்கரமும் திரும்பாது. எல்லாம் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே சக்கரம் தரையில் உராய்ந்து, இழுபட்டுத்தான் திசை மாற வேண்டும்.

நம் கார், பஸ், லாரி ஆகியவற்றில் முன் சக்கரம் திரும்புகிறது, பின் சக்கரம் தேர்ச் சக்கரம் போலவே நேராக நிற்கிறது. அது முன் சக்கரத்தின் தடத்தில் போகாமல் வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. சிவாஜி நகர் சந்துகளில் லாரியின் பின் சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் முன்பக்கத்தைச் சரியாகத்தான் கொண்டுபோயிருப்பார். பின்பக்கம்தான் வேறு வழியில் வந்திருக்கும்.

ஒருமுறை பீன்யா அருகே துமகூரு சாலையில், நள்ளிரவு தாண்டி, மிகப் பெரிய மின்மாற்றி ஒன்றை ஏற்றி வந்த பல அச்சு டிரெய்லர் ஒரு சந்திப்பில் திரும்புவதை நின்று பார்த்தேன். அதன் பின் வரிசைச் சக்கரங்களும் திரும்பின, முன்னே போகும் இழுவை வண்டிக்கு எதிர்ப்பக்கமாக. டிரெய்லரின் பின்னால் ஓர் ஆள் நடந்துகொண்டே அதை இயக்கினார். கையில் டார்ச்சோடு இன்னொருவர் மின் கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினார். அந்த நீளத்துக்கு அந்தச் சந்திப்பில் திரும்ப முடிந்ததற்குக் காரணம் பின் சக்கரங்கள்தான்.

வண்டி 'குட்டையாவதும்' 'நீளமாவதும்'

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தை அச்சிடைத் தூரம் என்று சொல்லிக்கொள்வோம். அது கூடினால் வளைவு பெரிதாகும். ஆட்டோ ரிக்‌ஷா நின்ற இடத்திலேயே திரும்புவதற்கும் பஸ் திரும்பாததற்கும் இது முக்கியமான காரணம்.

அச்சிடைத் தூரம் 3 மீட்டர் உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரம் 30 பாகை திரும்பினால், வண்டி சுற்றும் வட்டத்தின் ஆரம் பின் அச்சில் அளந்தால் சுமார் 5.2 மீட்டர். இப்போது பின் சக்கரங்களை எதிர்த்திசையில் 10 பாகை மட்டும் திருப்புங்கள். ஆரம் சுமார் 4 மீட்டராகச் சுருங்கும். கட்டம் போட்ட தாளில் கோணமானி வைத்து யாரும் இதை வரைந்து பார்க்கலாம். 3 மீட்டர் வண்டி சுமார் 2.3 மீட்டர் வண்டியைப் போல நடந்துகொள்கிறது. இரும்பு நீளம் மாறவில்லை, நடத்தையில் வண்டி குட்டையாகிவிட்டது.

பின் சக்கரம் முன் சக்கரத்தின் அதே திசையில் சற்றுத் திரும்பினால் இதற்கு நேர்மாறு: வண்டி நீளமானதைப் போல நடந்துகொள்ளும். நீளமான வண்டி மெதுவாக, நிதானமாகத் திசை மாறும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நமக்கு வேண்டியது அதுவே. எனவே மெதுவான வேகத்தில் எதிர்த்திசை, அதிக வேகத்தில் ஒரே திசை என்பதுதான் இந்த அமைப்புகளின் அடிப்படை விதி. வேகத்தைப் பார்த்து எந்தப் பக்கம், எத்தனை பாகை என்று ஒரு சிறு கணினி முடிவுசெய்து, பின் அச்சில் உள்ள மின் மோட்டாருக்குச் சொல்கிறது. 1987இல் வந்த ஹோண்டா பிரெலூட் காரில் கணினி இல்லாமலே, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் ஒரே திசை, நிறைய ஒடித்தால் எதிர்த்திசை என்று பற்சக்கரங்களாலேயே இதைச் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைகளில் அது ஒன்று.

குவாட்ராஸ்டியரில் பின் சக்கரம் 12 பாகை வரை திரும்பியது. அந்த நீண்ட சியரா முழு வட்டம் அடிக்கத் தேவையான விட்டம் ஏறக்குறைய 14.4 மீட்டரிலிருந்து 11.4 மீட்டராகக் குறைந்தது. இப்போதைய மின்சார ஹம்மரில் பின் சக்கரம் 10 பாகை வரை திரும்பும். முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் திருப்பி, முகத்தைத் திருப்பாமலே நண்டு போலச் சாய்வாக நகரவும் அதனால் முடியும்.

எதிர்த்திசை என்றால் குட்டை வண்டி, ஒரே திசை என்றால் நீள வண்டி. இந்த ஒரு வரி நினைவில் இருந்தால் மீதியைத் தொடரலாம்.

மண் பாதையில் கிடைக்கும் உண்மையான பயன்

சாதாரண வண்டி வளைவில் நான்கு தடங்களை விட்டுச் செல்லும், முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு. ஈர மண்ணில் ஒவ்வொரு சக்கரமும் தனக்கான தடத்தைத் தானே வெட்ட வேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். பின் சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும்போது அது முன் சக்கரம் அமுக்கி வைத்த தடத்தை நெருங்கி வரும். சித்தப்பா மகன் கேட்ட கேள்விக்கு 'ஓரளவு உண்மை' என்று பதில் சொல்ல முடிவது இந்த இடத்தில் மட்டும்தான். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் முன்னும் பின்னும் நகர்த்தாமல் ஒரே முறையில் திரும்ப முடிவதும், பாறைகளுக்கு நடுவே பின்பக்கத்தைத் தட்டாமல் கொண்டுவர முடிவதும் பெரிய பயன்கள்.

ஆனால் டிராக்டர்கள் ஓடி ஆழமாகிப்போன பள்ளத் தடங்களில் இது தொல்லை. அங்கே சக்கரம் தடத்தோடு நேராகப் போக வேண்டும். பின் சக்கரம் சற்றே திரும்பினாலும் பள்ளத்தின் சுவரில் ஏறப் பார்க்கும். குவாட்ராஸ்டியரில் பின்திருப்பத்தை அணைத்துவிட்டு முன் சக்கரத் திருப்பம் மட்டும் வைத்துக்கொள்ளப் பொத்தான் இருந்தது. அந்தப் பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது, எந்த விலையுயர்ந்த மாற்றத்தையும்விட முதலில் வேண்டிய அறிவு.

பின் அச்சு இப்போது இரண்டாவது முன் அச்சு

மாற்றியமைப்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்தத் தலைப்பில் இருக்கிறது. சாதாரண பிக்கப்பின் பின் அச்சு முரட்டுத்தனமானது: ஒரு இரும்புக் குழாய், உள்ளே இரண்டு தண்டுகள், கீழே அடுக்கடுக்கான வில் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்). எவ்வளவு அடித்தாலும் தாங்கும். திரும்புகிற பின் அச்சில் முன் சக்கரத்தில் உள்ள எல்லாமே வந்துவிடுகின்றன. சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான பால் ஜாயின்ட், சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் டை ராடு, திரும்பியபடியே சக்தியைக் கடத்தும் தண்டு இணைப்புகள், மோட்டார், உணரிகள், கம்பிகள். முன்பக்கத்தில் ஒரு மாற்றம் செய்யும்போது எதையெல்லாம் சரிபார்ப்போமோ, அதையெல்லாம் பின்பக்கத்திலும் சரிபார்க்க வேண்டும்.

முதலில் வண்டியை உயர்த்துவதைப் பார்ப்போம். தரையிலிருந்து இடைவெளி கூட்ட, அச்சுக்கும் வில் பட்டைக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைப்பது பழக்கம். உயர்ந்ததும் எஞ்சினிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டின் கோணம் கெடும். அதைச் சரிசெய்ய ஆப்பு போன்ற தகட்டைச் செருகி அச்சை இரண்டு மூன்று பாகை உருட்டிவிடுவார்கள். சாதாரண பின் அச்சில் இதனால் ஒன்றும் ஆகாது. திரும்புகிற அச்சில், சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோடும் சேர்ந்து சாய்ந்துவிடும். இந்த முன்பின் சாய்வுக்கு காஸ்டர் என்று பெயர். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால்தான் ஓடும்போது சக்கரம் தானாக நேராகப் பார்க்கிறது, அதுதான் காஸ்டர் செய்யும் வேலை. பின் அச்சில் அதைத் தெரியாமல் மாற்றினால், நேராக நிற்க விரும்ப வேண்டிய சக்கரம் அலைபாயும். மோட்டார் ஓயாமல் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும்.

அடுத்தது டயர். இங்கே கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன், ஏனென்றால் ஆசை அதிகம் உள்ள இடம் இது. 33 அங்குல விட்டமுள்ள டயரின் ஆரம் சுமார் 42 செ.மீ. அதை 12 பாகை திருப்பினால் டயரின் முன் விளிம்பு ஒரு பக்கமும் பின் விளிம்பு மறுபக்கமும் கிட்டத்தட்ட 9 செ.மீ. நகரும். அதாவது நேராக நிற்கும்போது வில் பட்டையிலிருந்து நான்கு விரல் தள்ளியிருக்கும் டயர், திரும்பும்போது பட்டையை அரைக்கும். பாரம் ஏறி, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி மறுபக்கச் சக்கரம் மேலே ஏறும்போதுதான் உண்மையான இடைவெளி தெரியும். அந்த நிலையில் வைத்து இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்காமல் எந்த டயரையும் வாங்கக் கூடாது.

டயர் உரசாமல் இருக்கச் சக்கரத்தை வெளியே தள்ளும் வளையத்தை மாட்டுவது இன்னொரு பழக்கம். சக்கரம் தன் திருப்பக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு நீளமான நெம்புகோலாக அது மாறுகிறது. கல்லில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் டை ராடு அடி வாங்கும். முன்பக்கம் என்றால் அந்த அடி ஸ்டியரிங் வழியாக நம் கைக்கு வரும், நாம் வேகத்தைக் குறைப்போம். பின்பக்க அடியை உணர அங்கே யாருடைய கையும் இல்லை.

டயர் பெரிதானால் கணினியும் ஏமாறும். 30 அங்குல டயருக்கு அளவிடப்பட்ட வண்டியில் 33 அங்குல டயர் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66 கி.மீ. வேகத்தில் போகிறது. எந்த வேகத்தில் எதிர்த்திசையை விட்டு ஒரே திசைக்கு மாற வேண்டும் என்பதை அந்த மீட்டர் கணக்கை வைத்துத்தான் கணினி முடிவுசெய்கிறது. ஆகவே வேகமாகப் போகும் வண்டி, தான் இன்னும் மெதுவாகப் போவதாக நினைத்துக் குட்டை வண்டியாகவே நடந்துகொள்ளும். சாதாரண பிக்கப்பில் இது வேக மீட்டரின் தவறு மட்டுமே. இங்கே அது ஸ்டியரிங்கின் தவறு. டயர் அளவைக் கணினியில் திருத்தி, பின் சக்கரத்தின் 'நேர்' நிலையையும் சக்கரச் சீரமைப்புக் (வீல் அலைன்மென்ட்) கருவியில் வைத்துப் புதிதாகப் பதிய வேண்டும்.

உயர்த்தினால் காஸ்டர், டயர் மாற்றினால் இடைவெளியும் கணினியும், வளையம் போட்டால் டை ராடு. எதைத் தொட்டாலும் பின் அச்சில் அதன் எதிரொலி இருக்கும்.

பாரம் ஏறும்போது

கரடுமுரடான பாதைக்கு மிருதுவான வில் பட்டை வேண்டும், அப்போதுதான் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொடும். பாரத்துக்குக் கெட்டியான பட்டை வேண்டும். இரண்டும் ஒரே பட்டையில் கிடைக்காது. கூடுதல் பட்டை சேர்த்து எப்போதும் கெட்டியாக வைத்துக்கொள்வதைவிட, பாரம் ஏற்றும்போது மட்டும் காற்றடித்துக்கொள்ளும் துணைக் காற்றுப் பைகளே சிறந்தவை என்பது என் கருத்து. ஆனால் ஒன்று: பட்டையோ பையோ வண்டி தாழாமல் காக்கும், அச்சின் அனுமதிக்கப்பட்ட எடையைக் கூட்டாது. டயருக்கும் தனி எல்லை உண்டு. பக்கவாட்டில் 112 என்று எழுதியிருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450 கிலோ. மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்தால் இந்த அளவும் குறையும்.

டிரெய்லர் இழுக்கும்போது அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அமர்வது நல்லது. அச்சிடைத் தூரம் அதே 3 மீட்டர் என்றும், கொக்கியில் 250 கிலோ இருப்பதாகவும், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பின் அச்சில் கூடுவது 250 இல்லை, 350 கிலோ. சீசாப் பலகையில் பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் மேலே போவதைப் போல, முன் அச்சில் 100 கிலோ குறைந்துவிடும். முன் சக்கரங்களின் பிடி தளரும் அந்த நேரத்தில் பின் சக்கரங்கள் நன்றாக அழுந்தித் தரையைப் பிடித்திருக்கின்றன. அவையும் திரும்பினால் டிரெய்லரைச் சீராக அடக்கி ஓட்டலாம். வேகத்தில் ஒரே திசைத் திருப்பம் டிரெய்லரின் வாலாட்டத்தைக் குறைக்கிறது. குவாட்ராஸ்டியரில் டிரெய்லருக்கென்றே தனி நிலை இருந்ததும் இதனால்தான். என்னைக் கேட்டால், பின்திருப்பத்தின் மிகச் சிறந்த பயன் மலைப்பாதையில் இல்லை, பாரம் இழுப்பதில் இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. எதிர்த்திசையில் திரும்பும்போது வண்டியின் வால் முதலில் வெளிப்பக்கமாக வீசும். சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியை முழுதாக ஒடித்து எடுத்தால், முன்பக்கம் சுவரை விட்டு விலகும்போதே பின்பக்கம் சுவரில் உரசும். சந்தை வாசலில், வண்டியின் பின்னால் ஆட்கள் மூட்டையோடு நிற்கும் இடத்தில், இதை ஓட்டுநர் மறக்கவே கூடாது.

நம் ஊரில் இதைச் செய்யலாமா

சில பட்டறைகளில், வேறொரு ஃபோர் பை ஃபோரின் முன் அச்சைக் கழற்றிப் பின்னால் மாட்டினால் பின்திருப்பம் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வேகத்தைப் பார்த்துத் திசையை மாற்றும் கணினி இல்லாத பின்திருப்பம், சாலையில் போகும்போது வண்டியைக் கவிழ்க்கும் கருவி. சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பழைய அமெரிக்க பிக்கப்பையே வரவழைக்கலாம் என்றாலும் வழியில்லை. அது இடப்பக்க ஸ்டியரிங் வண்டி. பழைய வண்டி இறக்குமதிக்கு மூன்று ஆண்டு வயது வரம்பும் இருக்கிறது. அமெரிக்காவில் இருந்துகொண்டு அப்படியொரு வண்டியை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு மேலே சொன்னவை நேரடியாகப் பயன்படும்.

இதையெல்லாம் சித்தப்பா மகனுக்குச் சொல்லிக்கொண்டே சர்ஜாபூர் சாலைப் பக்கம் வந்தபோது, ஒரு கட்டுமான இடத்தில் நீண்ட கையால் செங்கல் அடுக்கைத் தூக்கும் இயந்திரம் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதன் நான்கு சக்கரங்களும் திரும்பும். இயக்குபவர் கிருஷ்ணகிரிக்காரர். நாங்கள் கேட்டதும், வேலை முடிந்த பிறகு, ஈரமான செம்மண்ணில் எங்களுக்காக ஒரு வட்டம் அடித்துக் காட்டினார். மண்ணில் இரண்டே கோடுகள். பிறகு முன் சக்கரம் மட்டும் திரும்பும்படி மாற்றிவிட்டுப் பக்கத்தில் இன்னொரு வட்டம் அடித்தார். அது முதல் வட்டத்தைவிடப் பெரியது, நான்கு கோடுகள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாவது வட்டத்தில் பின் சக்கரம் விட்ட கோட்டுக்கும் முன் சக்கரம் விட்ட கோட்டுக்கும் நடுவே குதிகாலையும் விரலையும் மாறி மாறி வைத்து அளந்துகொண்டிருந்தான். "ஒன்றரை அடி, அண்ணா" என்றான்.